ஸனது இல்லாத மருந்துகள்

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறியவர் எவரும் அந்தத் துண்டுத்தாள்களைக் காணாமல் இறங்கியிருக்க முடியாது. மூலம், பவுத்திரம், வெண்புள்ளி, ஆண்மைக் குறைவு, குழந்தையின்மை, சர்க்கரை என நோய்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். 'நிரந்தரத் தீர்வு' என்ற இரு சொற்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். அடியில் ஒரு கைப்பேசி எண். மருந்து கொடுப்பவர் யார், என்ன படித்தவர், எங்கே இருக்கிறார் என்பன மட்டும் இரா. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அதே வாக்குறுதியை ஒலிபெருக்கி உரைக்கிறது. வீடு திரும்பிக் கைப்பேசியைத் திறந்தால் அங்கும் அதுவே காத்திருக்கிறது.

இத்தகைய ஏமாற்றைக் கண்டித்து எழுதுவோர் பலர் உளர். ரயில் பெட்டியில் ஒட்டிய தாளைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஜுமுஆ முடிந்து வெளிவரும்போது பள்ளிவாசல் வாயிலில் நம் கையில் திணிக்கப்படும் தாளைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். அதன் தலையில் பிஸ்மில்லாஹ். அதன்கீழ் கருஞ்சீரகம் பற்றிய நபிமொழி. அதன்கீழ் குப்பியின் படமும் விலையும். அதற்கும் கீழே சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய அடைப்பு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் என்று ஒரு பட்டியல். வாங்கியவர்கள் நாலடி நடந்து அதைக் கீழே போட்டுவிடுகிறார்கள். அல்லாஹ்வின் திருநாமம் செருப்புகளுக்கிடையே கிடக்கிறது. அந்தக் காட்சி ஒன்றே நமக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

நாம் செய்த பிழை

நம் முஹல்லாவில் மளிகைக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்; மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டு, கடையையும் குடும்பத்தையும் நடத்தி வந்தவர். ஒருநாள் மக்ரிபுக்குப் பின் அத்தகைய தாள் ஒன்றை நம்மிடம் நீட்டினார். "ஹஜ்ரத், நபி (ஸல்) அவர்களே சொன்ன மருந்து இருக்கும்போது இந்த மாத்திரைகளை எதற்கு விழுங்க வேண்டும்?" என்று கேட்டார்.

நாம் என்ன சொன்னோம்? "கருஞ்சீரகத்தில் பரக்கத் உண்டு பாய், தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்றோம். மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லவில்லை. அத்தாளில் இருந்த நபிமொழி ஸஹீஹானது. அதனால் அத்தாளே ஸஹீஹானது என்ற எண்ணம் நம் மனத்திலும் புகுந்திருந்தது. அதே தாள் நம் மதரஸாவின் அறிவிப்புப் பலகையில் நம்முடைய சம்மதத்துடனேயே ஒட்டப்பட்டிருந்தது என்பதையும் இங்கு மறைப்பதற்கில்லை.

அவர் மாத்திரையை விட்டார். சில மாதங்களில் பாதத்தில் ஒரு புண். அது ஆறவில்லை. கறுத்து, அழுகி, காய்ச்சல் கண்டபின் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

பார்க்கச் சென்றபோது அவர் நம்மைக் குறை கூறவில்லை, விற்றவரையும் கூறவில்லை. "என் ஈமானில்தான் குறை போலும், ஹஜ்ரத்" என்றார். அத்தாளின் கடைசி வரி அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது. முழு நம்பிக்கையோடு உட்கொள்வோருக்கே பலன் கிட்டும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். அந்த வரியின் கொடுமையை எண்ணிப் பாருங்கள்! மருந்து பலித்தால் புகழ் குப்பிக்கு. பலிக்காவிட்டால் பழி நோயாளியின் ஈமானுக்கு. காலை இழந்த மனிதர் தம் மார்க்கத்தையும் இழந்துவிட்டோமோ என்று அஞ்சிக் கட்டிலில் கிடந்தார்.

யார் சொன்னார்?

மதரஸாவில் இளம் மாணவருக்கு நாம் கற்பிக்கும் முதல் ஒழுங்கு யாது? ஒரு செய்தி வந்தால், இதை யார் சொன்னார் என்று கேள் என்பதே. ஒரே ஒரு நபிமொழியை நேரில் கேட்டறிய ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாத காலம் பயணம் செய்தார்கள். ராவி நேர்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, தம் ஆசிரியரைச் சந்தித்தவரா என்று துருவித் துருவி ஆராய்ந்த சமுதாயம் நம்முடையது. ஸனதின் நடுவே யாரென்று அறியப்படாத ஒருவர் வந்தால் 'மஜ்ஹூல்' என்று ஒதுக்கினோம். பிக்ஹிலும் அப்படியே: ஒருவர் தமக்கே ஆதாயம் தரும் சாட்சியம் கூறினால் காழீ அதனை ஏற்பதில்லை.

இந்த உரைகல்லில் அந்த விளம்பரத்தை உரசிப் பாருங்கள். குரோம்பேட்டைச் சகோதரி ஒருவர் மூன்றே மாதங்களில் குணமடைந்தாராம். எந்தச் சகோதரி? மஜ்ஹூல். அவருக்கு அந்த நோய்தான் இருந்தது என்று கூறிய மருத்துவர் யார்? மஜ்ஹூல். மருந்துக்கு முன் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, பின்பு எவ்வளவு, வேறு மருந்தையும் சேர்த்து உட்கொண்டாரா? விடை இல்லை. இத்தனையையும் நமக்கு அறிவிப்பவர் யார்? அந்தக் குப்பியை விற்பவர்! உளூவின் ஒரு ஸுன்னத்தை ஏற்பதற்கு ஸனது கேட்கும் நாம், நம் சிறுநீரகத்தையும் கண்ணையும் காலையும் ஸனதே இல்லாத ஒரு செய்தியின் கையில் ஒப்படைக்கிறோம்.

மேலும் ஒன்று. குணமானவர் என்று ஒருவரைப் பேச வைக்கிறார்கள். குணமாகாதவரை யாரும் அழைப்பதில்லை. விளம்பரம் தன் தோல்விகளை எண்ணுவதே இல்லை. தோல்வியை எண்ணாத கணக்கு கணக்காகுமா?

எண்ணிப் பார்த்துச் சொன்னவர்கள்

தோல்வியையும் எண்ணிச் சொல்வது எப்படி என்பதற்கு நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை 1928ஆம் ஆண்டில் டாக்டர் சவுரிமுத்து தொடங்கினார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. காசநோய்க்குத் தக்க மருந்து இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே சிகிச்சை. மருந்து வந்த பிறகும், சானடோரியத்தில் படுத்தால்தான் குணமாகும் என்று உலகமெங்கும் நம்பினார்கள். ஆனால் படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ எண்ணற்றோர்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனம் ஆகியவை கூடி நடத்திய மையம். நகரின் ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றொரு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தத்தம் வீடுகளில். இரு பிரிவுக்கும் அதே மருந்து, ஓராண்டுக் காலம். வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது என்று கண்டு 1959இல் வெளியிட்டார்கள். குணமானோர் எத்தனை பேர், குணமாகாதோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர் என்பது அதில் உண்டு. பல நாடுகளில் காசநோய்ச் சிகிச்சை முறையே அதனால் மாறியது. சென்னை மண்ணில் பிறந்த அந்த முடிவுக்கு ஸனது இருக்கிறது. ராவிகளின் பெயர் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். 'நிரந்தரத் தீர்வு' என்று ஒட்டுபவர் இவற்றுள் எதைக் காட்டுவார்?

நபிமொழியை விற்கலாமா?

"அப்படியானால் கருஞ்சீரக ஹதீஸை மறுக்கிறீரா?" என்று சினப்போர் இருக்கலாம். அல்லாஹ் காப்பானாக! அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ள அந்நபிமொழி நம் தலைமேல் இருக்கிறது. நாம் மறுப்பது, அதற்கு வணிகர் கூறும் தஃப்ஸீரை.

அந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதிய இமாம் கத்தாபி (ரஹ்) போன்றோர், அதன் சொல் பொதுவாயினும் அதன் கருத்து குறிப்பிட்ட சில நோய்களைப் பற்றியது என்றார்கள். எல்லா நோயின் தன்மைக்கும் மாற்றாகும் இயல்பு ஒரே செடியில் அமைவதில்லை என்பது அவர்கள் காட்டிய காரணம். சொல்லைப் பொதுவாகவே கொண்டோரும் உண்டு. ஆனால் சர்க்கரை நோயாளி வைத்தியர் கொடுத்த மருந்தைக் கைவிட வேண்டும் என்று எந்த விளக்கவுரையில் எழுதியிருக்கிறது? அதே ஸஹீஹுல் புகாரியில், பயணத்தில் நோயுற்ற காலிப் பின் அப்ஜருக்குக் கருஞ்சீரக மணிகள் ஐந்தையோ ஏழையோ இடித்து, எண்ணெயில் கலந்து, மூக்கில் சொட்டாக விடுமாறு கூறப்பட்ட செய்தி இருக்கிறது. ஒரு நோயாளி, ஒரு நிலை, ஓர் அளவு, ஒரு முறை. அங்கே குப்பிக்கு விலையும் இல்லை. நோய்ப் பட்டியலும் இல்லை.

ஸஅது பின் அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது, தகீஃப் கோத்திரத்து வைத்தியர் ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அபூதாவூதில் ஓதுகிறோம். வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்தவர் நேரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற நபிமொழியும் அங்கேயே உண்டு. தானியக் குவியலின் உள்ளே கைவிட்டு ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைக்காது மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை முஸ்லிமில் ஓதுகிறோம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு ஹதீஸை மட்டும் குப்பியில் ஒட்டுவது மார்க்கப் பற்றாகுமா? ஈரத்தை உள்ளே மறைப்பதற்கு நபிமொழியையே மேல் தானியமாகப் பரப்பியதாகும்!

கருஞ்சீரகத்தை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்த சில ஆய்வுகளில் சர்க்கரை ஓரளவு குறைந்ததாகக் கண்டார்கள். மருந்துக்குப் பதிலாக அதனைக் கொள்ளலாம் என்று அவ்வாய்வுகள் காட்டவில்லை. அந்த 'ஓரளவு' என்ற நேர்மையான சொல்லுக்கு விளம்பரத்தில் இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் அட்டவணையில் 54 நோய்களும் உடற்குறைகளும் இருக்கின்றன. சர்க்கரை, புற்றுநோய், இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, பக்கவாதம், குழந்தையின்மை, ஆண்மைக் குறைவு எல்லாம் அதில் அடங்கும். இவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு ஒரு மருந்தை விளம்பரம் செய்வதே குற்றம். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றுக்கும் தடை உண்டு. துண்டறிக்கை, லேபிள், வாய்மொழி அறிவிப்பு, ஒளி, ஒலி, ஏன், புகையால் எழுதிக் காட்டினாலும் அது விளம்பரமே என்கிறது சட்டம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. மறுமுறை ஓராண்டு வரை. முக்கியமானது இது: விற்பவர் மட்டுமன்று, அவ்விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கு கொள்ளும் எவரும் குற்றவாளி. அறிவிப்புப் பலகைக்கு அனுமதி கொடுத்த நாம் அந்த வாசகத்தைப் படித்தபோது தலைகுனிந்தோம்.

அச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களுள் முதன்மையானது, 1906இல் ஹகீம் ஹாபிஸ் அப்துல் மஜீத் டில்லியில் நிறுவிய, நம் சமுதாயம் பெருமையோடு நினைக்கும் ஹம்தர்த் தவாகானா. விளம்பரம் எங்கள் பேச்சுரிமை என்பது அவர்களின் வாதம். 1959 டிசம்பரில் வந்த தீர்ப்பு அதனை ஏற்கவில்லை. மக்கள் தமக்குத் தாமே வைத்தியம் செய்து கெடுவதைத் தடுப்பதே சட்டத்தின் நோக்கம். இத்தகைய வணிக விளம்பரம் கருத்துச் சுதந்திரம் ஆகாது என்றது நீதிமன்றம். சட்டத்தின் இரண்டு பகுதிகள் மட்டும் செல்லாவென நீக்கப்பட்டன; 1963இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1995இல் டாட்டா பிரஸ் வழக்கில் வணிக விளம்பரத்துக்கும் பேச்சுரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் கூறியது உண்மை. ஆயினும் ஏமாற்றும் விளம்பரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் உடன் கூறியது.

சட்டம் இருந்தும் பயன் என்ன? இந்திய மருத்துவச் சங்கம் 2022இல் தொடுத்த வழக்கைப் பாருங்கள். ஆயுர்வேதத்தின் பெயரால் நோய்களைத் தீர்ப்பதாகப் பதஞ்சலி நிறுவனம் விளம்பரம் செய்தது. 2023 நவம்பரில் நீதிமன்றத்தில் வாக்குறுதி தந்த பின்பும் அது தொடர்ந்ததால், 2024 பிப்ரவரியில் அவமதிப்பு நோட்டீசு பிறந்தது. ஏப்ரலில் நாளிதழ்களில் மன்னிப்பு. ஆகஸ்டில் அம்மன்னிப்பை ஏற்று அவமதிப்பு நடவடிக்கை முடிந்தது. ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன்அனுமதி வேண்டும் என 2018இல் வந்த 170ஆம் விதியை 2024 ஜூலை 1 அன்று மத்திய அரசு நீக்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்நீக்கத்துக்குத் தடை விதித்தது. 2025 ஆகஸ்ட் 11 அன்று வழக்கே முடிக்கப்பட்டபோது அந்தத் தடையும் அகன்றது. இத்தனை பெரிய வழக்கின் கதி இதுவானால், சேலையூர்த் தெருமுனையில் துண்டுத்தாள் கொடுப்பவரைத் தேடி அரசு நாளை வரும் என்று காத்திருப்பது மடமை. வேலி நம் வாயிலில் நாமே போட வேண்டியது.

ஆங்கில மருந்தில் வஞ்சனை இல்லையா?

உண்டு. மறுப்பதற்கில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மா தயாரித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தால் 2025இல் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். டை எத்திலீன் கிளைகால் என்னும் நச்சு அதில் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வுக்கூடம் கண்டது. அந்தக் குற்றம் சிறிதன்று. கண்காணிக்க வேண்டியோரின் உறக்கமும் சிறிதன்று.

ஆனால் அக்குற்றம் எப்படிப் பிடிபட்டது? குப்பியில் தயாரிப்பாளர் பெயர் இருந்தது. உரிம எண் இருந்தது. தொகுதி எண் இருந்தது. அந்த ஸனதைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் கட்டிலிலிருந்து ஆலையின் வாயில் வரை செல்ல முடிந்தது. உரிமம் பறிபோயிற்று, உரிமையாளர் கைதானார். கைப்பேசி எண் மட்டும் அச்சிட்ட தாளை நம்பி ஒருவர் மாண்டால் நாம் யாருடைய வாயிலுக்குச் செல்வது? மூலிகை என்று விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சோதனைகள் பலமுறை காட்டியுள்ளன. அதை உண்டவருக்கு, தாம் உண்டது இன்னதென்று கூடத் தெரியாது.

நம் மூதாதையரின் மருத்துவத்தை நாம் இழிவு செய்யவில்லை. இப்னு ஸீனாவின் பெயரை மதிப்போடு சொல்பவர்கள் நாம். சித்த வைத்தியம் வேண்டுவோருக்கு 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரம் சானடோரியத்திலேயே இருக்கிறது. யூனானி வேண்டுவோருக்கு அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. அங்கே பெயருள்ள மருத்துவர் நாடி பார்த்து, பரிசோதித்து, கையொப்பமிட்டு மருந்து தருகிறார். அவ்வைத்தியங்களின் மானத்தைக் கெடுப்பவர் துண்டுத்தாள்காரரே.

செய்ய வேண்டியவை

பத்திரிகை நடத்துவோரே! இவ்விதழ் உட்பட நம் இதழ்கள் எல்லாம் பொருள் நெருக்கடியில் நடப்பவை என்பதை அறிவோம். பின்னட்டை விளம்பரத்தின் வருவாய் ஒரு மாதக் காகிதச் செலவைத் தாங்கும் என்பதும் தெரியும். ஆயினும் முன்பக்கத்தில் ஹலால் சம்பாத்தியம் பற்றிக் கட்டுரையும், பின்பக்கத்தில் சர்க்கரையைத் தீர்க்கும் குப்பியும் ஒரே உறைக்குள் இருக்கலாகாது.

ஜமாஅத் நிர்வாகிகளே! நோய் தீர்ப்பதாகக் கூறும் எந்தத் தாளையும் பள்ளிவாசல் எல்லைக்குள் கொடுக்க அனுமதியோம் என்று ஒரு தீர்மானம் போதும்.

ஆலிம் பெருமக்களே! கடை திறப்புக்குத் துஆச் செய்வது நம் கடமையானால் செய்வோம். குப்பியைக் கையில் ஏந்திப் படம் எடுக்க இடங்கொடேல்! 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்துக்குப் பரிந்துரை செய்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுமையின் கணக்கு அதனினும் பெரிது.

தாய்மார்களே! தாளைக் கண்டதும் மூன்று கேள்விகள்: சொன்னவர் யார்? அவருக்கு இதில் ஆதாயம் உண்டா? குணமாகாதவர்களின் கணக்கு எங்கே? விடை கிடைக்கும் வரை, மருத்துவர் கொடுத்த ஒரு மாத்திரையைக் கூட நிறுத்தாதீர்கள்.

அந்தப் பெரியவரிடம் சென்ற மாதம் மீண்டும் சென்றோம். "குறை உங்கள் ஈமானில் இல்லை பாய், அன்று பேசாமல் விட்ட எம் நாவில் இருந்தது" என்று சொன்னோம். நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அந்தத் தாள் இன்னும் மதரஸாப் பலகையில் இருக்கிறதா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். கிழித்துவிட்டோம் என்றோம். "வேறு யாரும் பார்க்கவில்லையே?" என்றார்.

பல மாதங்கள் அது அங்கே தொங்கியது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலாத நிலையிலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம். வேறொருவர் இந்நிலைக்கு ஆளாகாதபடி அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.